ஒரு பஞ்சமும் இரு மாணாக்கரும்

'கல்வி முடிந்தபின் நீ என்ன தொழில் மேற்கொள்ளப் போகின்றாய்?' என்னும் வினாவை எதிர்கொள்ளாத மாணாக்கர் இரார். பெற்றோர் வினவுவர், உற்றார் வினவுவர், ஆசிரியரும் வினவுவர். மருத்துவர், பொறியாளர், ஆட்சியாளர், வழக்கறிஞர் எனத் தத்தமக்குத் தோன்றிய விடையினை மாணாக்கரும் கூறுவர். அவ்விடைகள் யாவும் தொழிலின் பெயர்களே. குறிக்கோளின் பெயர்கள் அல்ல. வழிச்செல்வோன் ஒருவனை, 'எங்குச் செல்கின்றாய்?' என்று கேட்க, அவன், 'பேருந்திற் செல்கின்றேன்' என்று விடை கூறுவானாயின் நாம் நகைப்போம் அல்லமோ? தொழில் என்பது வண்டி. குறிக்கோள் என்பது சேரவேண்டிய ஊர். ஊர் இன்னதென அறிந்தபின் வண்டியைத் தேர்தலே முறையாகும்.

இளையோர் உள்ளத்தில் மற்றொரு கவலையும் உறைகின்றது. செய்தித்தாளை விரிக்குந்தோறும் வறட்சியும் வெள்ளமும், வேலையின்மையும் விலையேற்றமும், நஞ்சேறிய ஆறுகளும், பிறப்பினால் மக்களைப் பிரிக்கும் பகைமையும் அவர்தம் கண்ணிற் படுகின்றன. 'இத்துணைப் பெரிய குறைகளுக்குமுன் நான் ஒருவன் என் செய்ய வல்லேன்?' என்று எண்ணிச் சிலர் சோர்கின்றனர். 'என் பிழைப்பை நான் பார்த்துக்கொள்வேன். நாட்டின் குறையை நாட்டை ஆள்வோர் பார்க்கட்டும்' என்று எண்ணிச் சிலர் அமைகின்றனர். தன் தொழிலைப் பற்றிய எண்ணம் ஒருபுறமும், நாட்டின் குறையைப் பற்றிய கவலை மற்றொருபுறமுமாகப் பிரிந்து நிற்பதே இவ்விரு நிலைகளுக்கும் காரணமாகும். இவ்விரண்டும் ஓரிடத்தே கூடுமாயின் என்ன விளையும் என்பதை அண்மைக்கால வரலாறு ஒன்று நமக்கு நன்கு காட்டுகின்றது.

1943-ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், வங்காளத்தைக் கொடும்பஞ்சம் பற்றியது. அதற்கு முந்தைய ஆண்டில் சப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியமையால், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் மேதினிப்பூர்க் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கிற்று. நெற்பயிரை நோயும் பற்றிற்று. பகைவர் கையிற் சிக்கிவிடலாகாது என்று கருதி, கரையோரச் சிற்றூர்களிலிருந்த படகுகளை ஆங்கில அரசினர் கைப்பற்றியும் அழித்தும் விட்டனர். அதனால் மீனவரும் ஓடக்காரரும் பிழைப்பிழந்தனர். போர்ச்செலவினால் நாட்டிற் பணம் பெருக, விலைவாசி ஏறியது. அரிசியைப் பதுக்கி வைத்தோர் அதனை மேலும் ஏற்றினர்.

நாட்டுப்புற மக்கள் நிலத்தை விற்றனர், கலங்களை விற்றனர், விற்பதற்கு ஏதும் இல்லாதபோது கல்கத்தா நகரை நோக்கி நடந்தனர். அவர்கள் வீடுதோறும் சென்று சோறு கேட்டிலர். சோறு வடித்த கஞ்சியையே கேட்டனர். அதுவும் கிடையாமல் தெருவோரங்களில் வீழ்ந்து மாண்டவர் பலர். பஞ்சத்தை ஆராய அரசினர் அமைத்த குழு, இறந்தோர் தொகை 15 இலட்சம் என 1945-இல் மதிப்பிட்டது. அத்தொகை 30 இலட்சத்தை எட்டும் எனப் பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் கணித்துள்ளனர்.

இப்பஞ்சம் இரு மாணாக்கர்தம் உள்ளங்களைத் தொட்டது. ஒருவர் தெற்கே தொலைவில் இருந்தவர். மற்றவர் வங்காளத்திலேயே வாழ்ந்தவர். ஒருவர் கல்லூரி மாணவர். மற்றவர் பத்து வயதும் நிரம்பாத பள்ளிச் சிறுவர்.

முதலாமவர் மா. சா. சுவாமிநாதன். இவர் 1925-ஆம் ஆண்டு கும்பகோணத்திற் பிறந்தவர். இவருடைய தந்தையார் சாம்பசிவன் அந்நகரிற் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். கும்பகோணத்து மக்களை வருத்திய யானைக்கால் நோயை ஒழிக்கவேண்டி, கொசு வளரும் இடங்களை மக்களைக் கொண்டே தூய்மை செய்வித்தவர். சுவாமிநாதன் பதினொரு வயதினராயிருந்தபோது தந்தையார் காலமானார். அவர் நடத்திவந்த மருத்துவத் தொழிலை மகன் மேற்கொள்ளவேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். அதற்கேற்பத் திருவனந்தபுரத்துக் கல்லூரியில் சுவாமிநாதன் விலங்கியல் பயின்றார். மருத்துவக் கல்வி அடுத்துக் காத்திருந்தது. செல்லும் வழி செவ்விதாய் வகுக்கப்பட்டிருந்தது.

அந்நிலையில் வங்கப் பஞ்சத்தின் செய்தி வந்தது. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் 1942-இல் தொடங்கியிருந்த காலம் அது. விடுதலை பெறப்போகும் நாட்டிற்கு நாம் என்ன செய்யப்போகின்றோம் என்னும் வினா இளைஞர் பலர் உள்ளத்தில் எழுந்திருந்தது. பசியினால் இறப்பாரை மருந்தினாற் காத்தல் இயலாது என்பதைச் சுவாமிநாதன் உணர்ந்தார். விலங்கியற் பட்டம் பெற்றபின், மருத்துவக் கல்லூரிக்குச் செல்லாது கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியிற் சேர்ந்தார். வேளாண்மைக் கல்வி அந்நாளில் உயர்வாக மதிக்கப்பட்டதன்று. மருத்துவராகத் தக்க மாணவர் ஒருவர் மண்ணையும் பயிரையும் கற்கச் செல்வதைக் கண்டு வியந்தோர் பலர்.

அவர் உறுதிக்கு மீண்டும் ஒரு சோதனை வந்தது. 1947-இல் கோவையிற் பட்டம் பெற்றபின், தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் மரபியல் பயின்றார். அந்நாளில் அரசுப் பணித்தேர்வினையும் எழுதி, இந்தியக் காவற்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே வேளையில் நெதர்லாந்து நாட்டிற் பயிர் மரபியல் கற்க உதவித்தொகையும் கிடைத்தது. ஒன்று பதவியும் அதிகாரமும் உடையது. மற்றொன்று உருளைக்கிழங்கை ஆராயும் பணி. அவர் உருளைக்கிழங்கையே தேர்ந்தார். பின்னர்க் கேம்பிரிட்சில் 1952-இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் சிலகாலம் ஆராய்ச்சி செய்தார். அங்கேயே தங்கிப் பணியாற்றும் வாய்ப்பு வந்தபோது அதனை ஏலாது, 1954-இல் தாய்நாடு திரும்பினார்.

அவர் திரும்பிய காலத்தில் நம் நாட்டுக் கோதுமைப் பயிர் நெடிதுயர்ந்து வளரும் இயல்பினது. உரம் மிகுதியாக இட்டால் கதிர் கனக்கும். கனம் தாங்காது தாள் சாய்ந்துவிடும். ஆகவே, உரம் இட்டும் பயன் இல்லை. குட்டையான, உறுதி வாய்ந்த தாளினையுடைய கோதுமை வேண்டியிருந்தது. மெக்சிகோ நாட்டில் நார்மன் போர்லாக் என்னும் அறிஞர் அத்தகைய கோதுமை வகைகளை உருவாக்கியிருந்தார். அவற்றின் விதைகளை வரவழைத்துச் சுவாமிநாதனும் அவர்தம் துணைவரும் ஆய்ந்தனர். ஆராய்ச்சி நிலையத்து நிலத்தில் விளைந்ததைக் காட்டுவதோடு அவர்கள் அமையவில்லை. சிறு உழவர்தம் வயல்களிலேயே பயிரிட்டுக் காட்டினர். தம் வயலில் விளைந்ததைக் கண்ணாற் கண்ட உழவர் நம்பினர். 1966-இல் அரசினர் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதையை வரவழைத்தனர். 1964-65-இல் ஏறத்தாழ 120 இலட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், மூன்றே ஆண்டுகளில் 160 இலட்சம் டன்னுக்குமேல் உயர்ந்தது. அமெரிக்கக் கப்பல்களின் வரவை எதிர்நோக்கியிருந்த நாடு தன் களஞ்சியத்தைத் தானே நிரப்பத் தொடங்கியது.

வெற்றி வந்தபோது அவர் மயங்கவில்லை என்பது இங்குக் குறிக்கத்தக்கது. 1968-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வாரணாசியில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டில், மண்ணின் வளத்தைப் பேணாது உழுதலும், நிலத்தடி நீரை வரையறையின்றி எடுத்தலும், பூச்சிமருந்தைக் கண்மூடித் தெளித்தலும் பின்னாளிற் பெருங்கேடு விளைக்கும் என்று அவரே எச்சரித்தார். பஞ்சாபின் நிலத்தடி நீர் இன்று ஆழத்திற்குச் சென்றுவிட்டமை அவ்வெச்சரிக்கை மெய்யானதைக் காட்டுகின்றது. ஒரு குறையைத் தீர்த்த வழியே மற்றொரு குறைக்குத் தோற்றுவாயாகலாம். அதனையும் முன்னுணர்ந்து கூறுவதே உண்மையான அறிவுத்தொண்டு. அவர் 2023-ஆம் ஆண்டு தமது 98-ஆம் வயதில் மறைந்தார். மறைவிற்குப்பின், 2024-இல் 'பாரத ரத்னா' விருது அவருக்கு அளிக்கப்பட்டது.

இரண்டாமவர் அமர்த்தியா சென். இவர் 1933-இல் சாந்திநிகேதனத்திற் பிறந்தவர். தாகூர் நிறுவிய பள்ளியிற் பயின்றவர். பஞ்சம் பரவியபோது, பசித்த மக்கள் சாந்திநிகேதனத்தின் வழியே கல்கத்தாவை நோக்கிச் செல்வதை அச்சிறுவர் கண்டார். சிகரெட்டு அடைத்து வந்த சிறு தகரக்குவளை ஒன்றில் அரிசியை நிரப்பி, வந்து கேட்கும் குடும்பம் ஒவ்வொன்றிற்கும் ஒரு குவளை அளிக்குமாறு பாட்டனார் விடை தந்தார். குவளை சிறிது, வந்தோர் கூட்டமோ பெரிது. அவர் உள்ளத்தில் மற்றொன்றும் ஆழப் பதிந்தது. தம்முடன் பயின்றோர் வீடுகளிலோ உறவினர் இல்லங்களிலோ எவரும் பசியால் வாடவில்லை. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், சிலர் இலட்சக்கணக்கில் இறக்க, மற்றவர்க்கு ஒரு வேளை உணவும் குறையாதிருந்தது எங்ஙனம்?

அவ்வினாவிற்கு விடை காணும் ஆற்றல் சிறுவர்க்கு இல்லை. பள்ளிப் பருவத்தில் அவர் வடமொழியையும், கணிதத்தையும், இயற்பியலையும் ஒன்றன்பின் ஒன்றாக விரும்பினார். எதனை மேற்கொள்வது என்று தெளியாது நின்றார். இறுதியிற் பொருளியலைத் தேர்ந்து, கல்கத்தா மாநிலக் கல்லூரியிலும் கேம்பிரிட்சிலும் பயின்றார். பின்னர்ப் பேராசிரியராகிப் பல்லாண்டு கழிந்தபின், பிள்ளைப் பருவத்திற் கண்ட பஞ்சத்தையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். அரிசிக் கணக்குகளையும், கூலிக் கணக்குகளையும், விலைக் கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பஞ்சம் நேர்ந்த 1943-இல் வங்காளத்தில் இருந்த அரிசி, பஞ்சம் இல்லாத 1941-இல் இருந்ததைவிடக் குறைந்ததன்று என்று கண்டார். அரிசியின் விலை பன்மடங்கு ஏறியது. உழவுக்கூலியோ அவ்வாறு ஏறவில்லை. கூலியாளும், மீனவரும், முடி திருத்துவோரும், கைவினைஞரும் அரிசி வாங்கும் திறனை இழந்தனர். கடையில் அரிசி இருக்க, அதன் வாயிலிலேயே மக்கள் பசித்து இறந்தனர். 1981-இல் வெளிவந்த, வறுமையையும் பஞ்சங்களையும் பற்றிய தமது நூலில் இவ்வுண்மையை அவர் நிறுவினார். பொருளியலுக்குரிய நோபெல் பரிசு 1998-இல் அவருக்கு வழங்கப்பட்டது.

மேலும் ஒன்றனை அவர் வலியுறுத்தினார். மக்கள் வாக்களித்து ஆள்வோரைத் தேர்வதும், செய்தித்தாள்கள் அஞ்சாது எழுதுவதும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்பதே அது. 1943-இல் பஞ்சச் செய்தி வெளிவராது அரசினர் தடுக்க முயன்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில், கல்கத்தாவில் வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' என்னும் நாளிதழின் ஆசிரியர் இயான் ஸ்டீவன்ஸ் தெருவில் இறந்துகிடந்தோர் ஒளிப்படங்களைத் துணிந்து வெளியிட்டார். அதன்பின்னரே பஞ்சத்தின் கொடுமை உலகிற்கு நன்கு தெரியவந்தது. சைனுல் ஆபிதீன் என்னும் ஓவியரோ தாம் கண்ட பசித்த உருவங்களைக் கருந்தீட்டல்களாக வரைந்து, காண்போர் நெஞ்சை உருக்கினார்.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குவோம். ஒரே துன்பம் ஒருவரைப் பயிரறிஞராக்கிற்று, மற்றொருவரைப் பொருளியலறிஞராக்கிற்று. இதழாசிரியர் தம் எழுதுகோலினாலும், ஓவியர் தம் தூரிகையினாலும் அத்துன்பத்திற்கு எதிர்நின்றனர். இவருள் எவர் தொண்டு சிறந்தது என்று கேட்டல் பொருந்தாது. விளைச்சல் பெருகினாலன்றிப் பெருகும் மக்கள்தொகைக்கு உணவில்லை. விளைந்தது ஏழையின் கலத்தைச் சேர்ந்தாலன்றி விளைச்சலாற் பயனில்லை. மணிமேகலைக் காப்பியத்திற் கூறப்படும் அமுதசுரபியை நாம் அறிவோம். அள்ள அள்ளக் குறையாத அக்கலம் மணிமேகலையின் கையில் இருந்ததனாலேயே பசித்தோர்க்குப் பயன்பட்டது. அவள் அதனை ஏந்திச் சிறைக்கோட்டம் வரையிலும் சென்றாள். கலத்தை நிரப்பும் அறிவும் வேண்டும். அதனை ஏந்திச் செல்லும் அறமும் வேண்டும். ஒன்றனைச் சுவாமிநாதன் தேடினார். மற்றொன்றனைச் சென் தேடினார்.

இதனினின்று நாம் அறியத்தக்கது, தொண்டிற்கென்று தனித்தொழில் ஒன்று இல்லை என்பதாகும். மருத்துவமே தொண்டு, வணிகம் தன்னலம் என்று பிரித்துக் கூறுதல் தவறு. 1943-இல் அரிசியைப் பதுக்கியவனும் வணிகன். நேரிய விலைக்கு விற்றவனும் வணிகன். இருவர்க்கும் தராசு ஒன்றே, மனமே வேறு. படகுகளை அழிக்கக் கையொப்பமிட்டவரும் அரசு அலுவலர். கஞ்சித்தொட்டிகளை அமைக்க அலைந்தவரும் அரசு அலுவலர். ஆதலின், 'எத்தொழில்?' என்று கேட்பதனோடு, 'அத்தொழிலை யார்பொருட்டுச் செய்யப் போகின்றேன்?' என்றும் ஒவ்வொரு மாணாக்கரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். 'தந்தையின் கூலியையே நம்பியிருக்கும் குடும்பம் எங்களது. தங்கையின் படிப்பும், தாயின் மருத்துவச் செலவும் என் ஊதியத்தை எதிர்நோக்கி நிற்கின்றன. நாட்டின் குறையை எண்ண எனக்கு ஓய்வு ஏது?' என்று ஒரு மாணவனோ மாணவியோ கேட்கலாம். நேர்மையான கேள்வி இது. விரைவில் ஊதியம் தரும் வேலையைக் குடும்பத்தின்பொருட்டு ஏற்றல் இழிவன்று. தன் வீட்டுப் பசியைத் தீர்த்தலும் நாட்டுப் பசியில் ஒரு பங்கினைத் தீர்த்தலே ஆகும். சுவாமிநாதனுக்கும் சென்னுக்கும் கற்ற குடும்பமும், ஓரளவு வசதியும் துணைநின்றன. அத்துணை இல்லாதவர்க்கு வழி நீண்டதாக இருக்கும். ஆயின், வழி நீளுவது வேறு. ஊரை மறப்பது வேறு. எழுத்தராகவோ, செவிலியாகவோ, பேருந்து ஓட்டுநராகவோ அமர்ந்தவரும் தம்முன் வரும் ஏழையை மதிப்போடு நடத்துவாராயின் அவரும் அவ்வூரை நோக்கியே செல்கின்றார். வசதி பெற்ற மாணாக்கரோ, தமக்குக் கிடைத்த தெரிவுரிமை பிறர்பலர்க்குக் கிடையாதது என்பதை நினைவிற் கொண்டு, அதனை வீணாக்காதிருத்தல் வேண்டும்.

நாட்டின் குறைகள் பெரியன என்று அஞ்சுவோர்க்கும் ஒன்று கூறுவோம். குறை முழுவதையும் ஒருவரே சுமக்க வேண்டுவதில்லை. சுவாமிநாதன் பஞ்சத்தின் முழுக்காரணத்தையும் ஆராயவில்லை. சாயாத கோதுமைத் தாள் ஒன்றனையே பல்லாண்டு தேடினார். அத்தேடலிலும் அவர் தனித்திருக்கவில்லை. அறிஞரும், ஆட்சியாளரும், பெயர் அறியப்படாத உழவர் பல்லாயிரவரும் உடனிருந்தனர். சென் பஞ்சத்தைத் தடுக்கக் களத்தில் இறங்கவில்லை. பழங் கணக்கேடுகளையே பொறுமையாகப் புரட்டினார். பெருங்குறையின் ஒரு சிறு பகுதியை நன்கு வரையறுத்துக்கொண்டு, அதனை அடிவரை கற்றுத் துறைபோதலே அறிவுடையோர் செயல். உள்ளம் இரங்குவது முதற்படி. அதனோடு நின்றால் அது கண்ணீராகவே வற்றிவிடும். இரக்கத்தோடு பயிற்சியும் சேரும்போதுதான் அது பயன்தரும். பயிரின் இயல்பை அறியாத இரக்கத்தால் ஒரு மணியும் கூடுதலாக விளைந்திராது. கணிதம் அறியாத இரக்கத்தால் பஞ்சத்தின் காரணம் வெளிப்பட்டிராது.

எனவே, மாணவ மாணவியரே, இன்று உங்கள் ஊரில் உங்கள் கண்முன் உள்ள குறை ஒன்றனை உற்று நோக்குங்கள். தூர்ந்துபோன ஏரியாக இருக்கலாம். இடையிலே படிப்பை நிறுத்திய தோழியாக இருக்கலாம். மருந்து வாங்க இயலாத முதியவராக இருக்கலாம். அது ஏன் நேர்ந்தது என்று கேளுங்கள். ஒரு காரணத்தோடு அமையாது, அதற்குப் பின்னுள்ள காரணத்தையும் தேடுங்கள். அவ்வினாவிற்கு விடை கூறவல்ல பாடம் எதுவோ அப்பாடத்தை ஆர்வத்தோடு கற்றுப்பாருங்கள். அதன்கண் உங்கள் ஆற்றலும் விருப்பமும் ஒன்றுபடுமாயின், நீங்கள் மேற்கொள்ளத்தக்க தொழில் அதுவே. இடையில் மனம் மாறினும் தவறில்லை. விலங்கியலிலிருந்து வேளாண்மைக்கும், இயற்பியலிலிருந்து பொருளியலுக்கும் மாறியவர்களையே இப்பாடத்திற் கண்டோம். இனி, 'நீ என்னவாக விரும்புகின்றாய்?' என்று எவரேனும் உங்களை வினவும்போது, தொழிலின் பெயரோடு அதனால் நீக்கக் கருதிய குறையின் பெயரையும் சேர்த்துக் கூறுங்கள். அதுவே முழுமையான விடையாகும்.